அப்பா மிச்சம் பிடித்த மாத்திரைகள்

சேலையூர்,
14.10.2006

அன்புள்ள மோகன்ராஜுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். வழக்கத்துக்காக எழுதிய வரி இல்லை இது, அப்பா வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பதை எட்டிப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். தார் எஸ் சலாமில் நீயும் நிஷாவும் ஸ்ம்ருதிக் குட்டியும் இதே மாதிரி சுகமாக இருக்க வேண்டும்.

போனில் பாதிதான் சொன்னேன், மீதியைக் கேள். உன் வீட்டில் இருந்துவிட்டு நாங்கள் திரும்பி மூன்று வாரம்கூட ஆகவில்லை, அப்பாவுக்குக் காய்ச்சல். காலனியில் வீட்டுக்கு வீடு சிக்குன்குனியா, தெருமுனை டாக்டரும் அதுதான் என்றார், கஞ்சியும் மாத்திரையுமாக மூன்று நாளைப் போக்கிவிட்டேன். நாலாம் நாள் காலை கண் மஞ்சளாகிவிட்டது, என்னைப் பார்த்து அட்டெண்டன்ஸ் எடுக்கிறார், வாத்தியார் வேலையில் ரிட்டயராகி எட்டு வருஷம் ஆன மனிதர். எனக்கு ஆப்சென்ட் போட்டுவிட்டார். பக்கத்து வீட்டு லோகநாதன் தன் காரிலேயே குரோம்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே டாக்டர் சாமுண்டீஸ்வரி, நிஷா வயதுதான் இருக்கும், சமீபத்தில எங்கயாவது பிரயாணம் போனீங்களாம்மா என்று கேட்டார். எங்கேயும் இல்லை டாக்டர், போன சனிக்கிழமை திருநீர்மலைக்குப் போனதுதான் என்றேன். பிள்ளை வீட்டில் போய் இருந்ததைப் பிரயாணம் என்று யார் நினைப்பார்கள். அவர் விடவில்லை, சாப்பிடற மாத்திரை எல்லாம் காட்டுங்க என்றார். அப்பாவின் பிரஷர் மாத்திரைப் பையைக் கவிழ்த்தேன், நீ வாங்கிக் கொடுத்த மலேரியா மாத்திரை அட்டை விழுந்தது. ஊர் திரும்பிய பிறகும் வாரம் ஒன்றாகப் போட வேண்டிய நாலும் அப்படியே இருந்தன. அடுத்த தடவை உன்னிடம் வரும்போது ஆகும் என்று மிச்சம் பிடித்திருக்கிறார். ஆப்பிரிக்காவில் பிள்ளை வீட்டுக்குப் போய் வந்தோம் என்றேன், டாக்டர் முகமே மாறிவிட்டது. முதலில் எடுத்த ரத்தத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று லேபில் சொல்லியும் மறுபடி எடுக்கச் சொல்லி, தானே மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்து பார்த்தார். மூளையைத் தாக்குகிற மலேரியா. உடனே ஐ.சி.யூ., நரம்பில் ஆர்ட்டிசுனேட் ஊசி, அடிக்கடி சர்க்கரை இறங்குகிறதா என்று பார்த்தார்கள். மூன்றாம் நாள் அப்பா கண் திறந்து காபி கேட்டார். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்தப் பெண் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். லோகநாதனும்தான்.

ஒன்றைச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஐந்து நாள் உனக்குத் தெரிவிக்காததற்கு, நீ பயப்படுவாய் என்று காரணம் சொன்னேன். அது பொய். உன்மேல் கோபம். அவ்வளவு தூரத்துக்கு எதற்கு எங்களைக் கூப்பிட்டான் என்று ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்து உன்னைத் திட்டித் தீர்த்தேன். வார்டுக்கு மாற்றியதும், பக்கத்துக் கட்டில்காரர் கேட்காமலே, பேத்தி தன் முதுகில் ஏறி யானை ஓட்டியதை அப்பா இரண்டு தடவை சொன்னார். கேட்டுக்கொண்டே இருந்தேன், கோபம் போன இடம் தெரியவில்லை.

டிசம்பரில் நீங்கள் இங்கே வந்த பிறகு யாருக்காவது உடம்பு சுட்டால், எங்கிருந்து வந்தோம் என்பதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லிவிடு, மறக்காதே. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ எங்கள் ஆசிகள். இனிமேல் உங்களைக் கூப்பிடவே மாட்டேன் என்று போனில் அழுதாயே, அப்படிச் சொல்லாதே. கூப்பிடு. வருவோம்.

இப்படிக்கு,
உன் அம்மா
காந்தா