நாலாவது வெள்ளைக் கட்டை

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு,

ஜெயித்துவிட்டேன்! நலம் விசாரிக்கும் முன்பே இதை எழுதாவிட்டால் பேனா நகராது. நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியில் "மீட்டிங் இருக்குப்பா" என்று வைத்துவிடுவாய். தாளை அப்படி வைக்க முடியாது.

உன் பழைய கீபோர்டை நான் இணையத்தில் விற்றதும், வாங்கியவன் கட்டை ஒட்டுகிறது, ஏமாற்றிவிட்டார் என்று புகார் செய்ததும் உனக்குத் தெரியும். நீ அன்றைக்கு என்னிடம் "அனுப்பறதுக்கு முன்னாடி சரியா பார்த்தீங்களாப்பா? போகட்டும், பணத்தை நானே போட்டு விடறேன்" என்றாய். குட்டிம்மா, எனக்குப் பணமா பிரச்சினை? என் விற்பனைப் பக்கத்தில் என் படத்துக்குக் கீழே 'நம்பத் தகாதவர்' என்று குத்தப் பார்த்தார்கள். பஸ் ஓட்டிய காலத்தில் ஒரு பயணி விட்டுப்போன குடையைக்கூட வீட்டுக்குக் கொண்டு வராதவன் நான்.

நான் விளம்பரம் எழுதும் முறை வேறு. 'புத்தம் புதிது போல' என்றெல்லாம் அளக்க மாட்டேன். குறையைத்தான் முதலில் எழுதுவேன். "இப்படி எழுதினா யாரும் வாங்க மாட்டாங்க, உங்களுக்கு ஆறுதல் சொல்லிட்டுத்தான் போவாங்க" என்பாள் உன் அம்மா. கீபோர்டுக்கும் அப்படித்தான் எழுதினேன்: 'இடமிருந்து நாலாவது வெள்ளைக் கட்டை, அழுத்தினால் சோம்பேறியைப் போல எழ மனமில்லாமல் கிடக்கும்.'

அதுவே எனக்கு வினையாயிற்று. விற்பவரே குறையை ஒப்புக்கொண்டிருப்பதால் பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அந்த விற்பனைத் தளத்தை நடத்தும் நிறுவனத்திலிருந்து பதில் வந்தது. உண்மையைச் சொன்னதற்குத் தண்டனை! இரண்டு வேளை சோறு இறங்கவில்லை. "சரி, விட்டுத் தொலைங்க" என்றாள் அம்மா. விடுவேனா? புகாரை முழுசாக அனுப்புங்கள் என்று நச்சரித்து வாங்கினேன்.

படித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். 'நாலாவது வெள்ளைக் கட்டை சோம்பேறியைப் போல எழ மனமில்லாமல் கிடக்கிறது' என்று எழுதியிருந்தான். அடப்பாவி! அது என் வாக்கியம்! என் சோம்பேறியைத் திருடி என் மேலேயே ஏவிவிட்டிருக்கிறான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கட்டையை நான் சரிசெய்துவிட்டேன். பெட்டி கட்டுவதற்கு முன் மனசு கேட்கவில்லை. வீடியோ பார்த்துப் பார்த்துத் திருகுகளைக் கழற்றினேன். அடியில் நீ எந்தக் காலத்திலோ சிந்திய சர்க்கரைத் தண்ணீர் பிசின் போலப் பிடித்திருந்தது. பஞ்சால் துடைத்ததும் கட்டை துள்ளி எழுந்தது. அந்தச் சந்தோஷத்தில் விளம்பரத்திலிருந்து அந்த வரியை நீக்க மறந்துவிட்டேன். புகார் வந்தபோது மறுபடி ஒட்டிக்கொண்டதோ என்று நானே குழம்பினேன். என் வரியை அவன் எழுத்தில் பார்த்த பிறகுதான் புரிந்தது: அவன் கட்டையைப் பார்க்கவில்லை, விளம்பரத்தைப் பார்த்து எழுதியிருக்கிறான்.

சாட்சிக்கு ஓடினேன். சரிசெய்த கையோடு எல்லாக் கட்டைகளையும் ஒவ்வொன்றாக அழுத்தி எடுத்த வீடியோவை என் போனில் இடமில்லை என்று அழித்திருந்தேன். நல்லவேளை, உனக்கு அனுப்பியது தேதியோடு இருந்தது. அதன் கீழே நீ ஒரு கட்டைவிரல் போட்டிருந்தாய். திறந்து பார்த்தாயா என்று நான் கேட்கவில்லை.

நிறுவனத்துப் பெண்ணிடம் போனில் பேசினேன். "நீங்கதானே ஐயா குறை இருக்குன்னு எழுதியிருக்கீங்க" என்றாள். "இருந்துச்சும்மா, இப்ப இல்ல. இல்லாத நோய்க்கு அவர் மருந்து கேக்கறாரு" என்றேன். சிரித்துவிட்டாள். பெட்டி வந்ததும் பிரிப்பதைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள்.

பெட்டியும் வந்தது. அம்மா போனைப் பிடிக்க, நான் பிரித்தேன். கட்டைகளின் இடுக்கெல்லாம் ஜிகினாத் தூள்! ஏதோ மேடையில் ஆடித் தீர்த்துவிட்டுத்தான் திருப்பி அனுப்பியிருக்கிறான். நாலாவது வெள்ளைக் கட்டையை அழுத்தினேன். பள்ளிக்கூட மணி கேட்ட பிள்ளை போல எழுந்தது. அம்மா கை தட்டியதில் படம் ஒரு குலுங்கு குலுங்கியது. அப்படியே அனுப்பிவிட்டேன்.

நேற்றுத் தீர்ப்பு வந்தது. புகார் தள்ளுபடி. என் பக்கத்தில் ஒரு கறையும் இல்லை. கீபோர்டை அவன் தன் செலவில் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். ஜிகினாவை ஊதித் துடைத்து, துணி சுற்றி வைத்திருக்கிறேன். "அவனுக்குப் போய் இவ்வளவு உபசாரமா" என்று அம்மா நொடிக்கிறாள். அவன் பொருள், அவனுக்கு ஒழுங்காகப் போக வேண்டும்.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. நாளைக்கு வேறு எவனாவது உன் அப்பா ஏமாற்றினார் என்று சொல்வான். சரியாகப் பார்த்தீர்களா என்று அப்போதும் கேள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால் "எங்கப்பா அப்படிச் செய்ய மாட்டாருங்க" என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிடு. என் காதில் விழாவிட்டாலும் பரவாயில்லை.

நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடும், யாருக்கும் தலைகுனியாமலும் வாழ வேண்டும்.

என்றும் உன் நல்லதையே நினைக்கும்,
அப்பா