மூன்றாம் எண் கடிதம்

எண் 1
தளேகாவ் முகாம், 6 ஜூலை 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

ஜெர்சன் எழுதுவது. சுகமாக வந்து சேர்ந்தேன். வந்த அன்றே போனை வாங்கிப் பூட்டி வைத்துவிட்டார்கள். ஆறு வாரத்துக்கு வீட்டார் யாரும் வரக் கூடாதாம். நீங்கள் சொன்னபடி எண் போட்டிருக்கிறேன். பிழை இருந்தால் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பாதீர்கள், டீச்சரம்மா.

நீங்கள் கேட்டீர்களே, ரக்பி இரண்டு வகை. இங்கே நாங்கள் ஆடுவது ஏழு பேர் ஆட்டம். ஒலிம்பிக்கில் இருப்பதால், இதில் தேறினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை கிடைக்கலாம். பதிமூன்று பேர் ஆட்டம் வேறு. அதை நம்பி இங்கே வேலை இல்லை, ஆனால் இங்கிலாந்து கிளப் ஒன்று இரண்டு வருடத்துக்கு ஆள் எடுக்கிறது. அவர்கள் ஆள் ஆகஸ்ட் 2 அன்று எங்களைப் பார்க்க வருகிறார். அங்கே போனவன் இந்த அணிக்குத் திரும்ப வேண்டாம் என்று கோச் மாதவ் சார் சொல்லிவிட்டார். எனக்கு இரண்டில் ஒன்று கிடைத்தாலும் போதும்.

உங்கள் மகன்,
ஜெர்சன்

எண் 1
கசார்வாடி, 10 ஜூலை

என் கண்ணு ஜெர்சனுக்கு,

உன் அப்பா சர்ச் வாசலில் நின்று, "எம் மவன் இங்கிலாந்து போறான்" என்று எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் பேடா வேறு கொடுத்தாராம். நான் உன் ஆட்டத்து வீடியோவைப் பாதியில் நிறுத்திவிட்டேன். ஏழு பேரோ பதிமூன்று பேரோ, மேலே வந்து விழுகிறவன் ஒரே கனம்தானே? எனக்குப் பயமாக இருக்கிறது.

எண் போட மறக்காதே. அப்பா மஸ்கட்டில் இருந்தபோது எந்தக் கடிதம் தொலைந்தது என்று அதை வைத்துத்தான் கண்டுபிடித்தோம்.

அம்மா வேதமணி

எண் 2
தளேகாவ், 16 ஜூலை

அன்புள்ள அம்மா,

பதறாமல் படியுங்கள். திங்கட்கிழமை ஒருவனுடைய முழங்கால் என் தலையில் இடித்தது. கொஞ்ச நேரம் எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை. பிறகு எழுந்து ஆடினேன். தலைவலி மட்டும் இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மூன்று வாரம் உட்கார வைத்துவிடுவார்கள். இங்கிலாந்து ஆளும் பார்க்க மாட்டார், அரசு வேலையும் போய்விடும்.

இங்கே யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது, அதனால்தான் எழுதுகிறேன். நீங்களும் மூச்சு விடக் கூடாது. என் மேல் சத்தியம்.

ஜெர்சன்

எண் 2
கசார்வாடி, 19 ஜூலை

ஜெர்சன்,

இப்படி ஒரு சத்தியத்தை என் தலையில் கட்டிவிட்டாயே, ராசா. வகுப்பில் ஒரே கணக்கை இரண்டு முறை தப்பாகப் போட்டேன். நீயே மாதவ் சாரிடம் போய்ச் சொல்லிவிடு. என்னைச் சொல்ல வைக்காதே.

அம்மா

எண் 3
தளேகாவ், 22 ஜூலை

அன்புள்ள அம்மா,

தலைவலி போயே போச்சு. நல்ல செய்தி, மாதவ் சார் என்னைத் துணைக் கேப்டன் ஆக்கிவிட்டார். பூட்ஸ் கிழிந்துவிட்டது, அப்பாவிடம் சொல்லி ஒன்பதாம் நம்பர் வாங்கி அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை தங்கச்சி அலினாவுக்குப் பிறந்தநாள். கேக்கில் என் பங்கை அவளே தின்னட்டும், குண்டுப் பூசணி.

ஜெர்சன்

எண் 3
தளேகாவ், 26 ஜூலை

அன்புள்ள அம்மா,

தலைவலி சுத்தமாக இல்லை. உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. மாதவ் சார் என்னைத் துணைக் கேப்டன் ஆக்கியிருக்கிறார். பூட்ஸ் கிழிந்துவிட்டது, ஒன்பதாம் நம்பர் வேண்டும். வெள்ளிக்கிழமை அலினாவுக்குப் பிறந்தநாள் அல்லவா? கேக்கில் என் பங்கும் அந்தக் குண்டுப் பூசணிக்கே.

ஜெர்சன்

எண் 3
லோணாவளா லோக்கலில், 30 ஜூலை

ஜெர்சன்,

ரயில் ஆட்டத்தில் எழுத்து கோணலாக வருகிறது, பொறுத்துக்கொள். உன் மூன்றாம் எண் கடிதம் நேற்று மறுபடி வந்தது. விளையாட்டுக்கு எழுதியிருக்கிறாய் என்று சிரித்துக்கொண்டே உன் தங்கையிடம் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. "பொறந்தநாள்தான் முடிஞ்சு போச்சேம்மா, அண்ணனுக்கு என்னாச்சு?" என்றாள். பூட்ஸ் பார்சலையும் 25ஆம் தேதி நீதான் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறாய். முதலில் எழுதியதே உனக்கு மறந்துவிட்டது என்று அப்போதுதான் புரிந்தது.

டாக்டரிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன். இந்த நிலையில் இன்னொரு அடி பட்டால் உயிருக்கே ஆபத்து என்றார். சத்தியத்தை மீறப் போகிறேன். இதை வாசல் காவலரிடம் கொடுத்துவிட்டு நேராக மாதவ் சார் அறைக்குப் போவேன். யார் தடுக்கிறார்கள் பார்க்கிறேன். நீ இதைப் படிக்கும்போது உன் மூன்றாம் எண் கடிதங்கள் இரண்டும் அவர் மேசையில் இருக்கும், நான் இந்தியில் வரி வரியாகச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

ஏழும் போகட்டும், பதிமூன்றும் போகட்டும். ஆயுசுக்கும் என்னோடு பேசாமல் இரு. உயிரோடு இருந்து கோபித்துக்கொள்.

அம்மா

ஔந்த், ஆஸ்பத்திரி, 2 ஆகஸ்ட்

அம்மா,

மாதவ் சார் என்னை இங்கே சேர்த்ததிலிருந்து மூன்று நாளாகக் கட்டிலருகே உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறேன். வாயைத் திறந்தால் கத்திவிடுவேன். அதனால் எழுதி அலினாவிடம் கொடுக்கிறேன்.

இங்கிலாந்து ஆள் இந்நேரம் மைதானத்தில் இருப்பார். என் இடத்தில் வேறு ஒருவன் ஓடுவான். ஏழு பேர் அணியில் அடுத்த வருடம் பார்க்கலாம் என்றாராம் மாதவ் சார். அடுத்த வருடம் யார் என்னை நினைத்துக்கொண்டிருப்பார்கள்? உங்கள் மேல் கோபம் இன்னும் போகவில்லை.

காலையில் டாக்டர் அந்த இரண்டு கடிதங்களையும் என் கையில் கொடுத்தார். இரண்டும் என் எழுத்துதான். முதலில் எழுதியது எனக்குக் கொஞ்சம்கூட நினைவில்லை, அம்மா. எனக்குப் பயமாக இருக்கிறது. வீட்டுக்குப் போகாதீர்கள்.

இதற்கு எண் போடவில்லை. எத்தனையாவது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

ஜெர்சன்