ஆற்றில் இறங்காத அம்மன்

அன்புள்ள மச்சான்,

உன் அக்கா நேற்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தாள். கஞ்சி மட்டும் குடிக்கிறாள்.

இந்த மாசிமகத்துக்கு அம்மனை உப்பனாற்றில் இறக்கவில்லை. "கம்பெனிக் கழிவு பட்டு போன வருஷமே செலை கறுத்துடுச்சு" என்று பூசாரி பஞ்சநாதம் கரையிலேயே கேன் தண்ணீரில் தீர்த்தவாரியை முடித்துவிட்டார்.

உன் அக்கா மட்டும் இறங்கினாள். வயிற்றுப் பிள்ளைக்காக வேண்டுதலாம். "சாமிக்கே ஆவாத தண்ணி, வேணாம்டி" என்று கையைப் பிடித்தேன்.

"என் தம்பி அந்தக் கம்பெனியிலதான் இருக்கான். சுத்தம் பண்ணித்தான் விடுறோம்னு அவனே சொன்னான் மாமா" என்று முழுகினாள்.

மறுநாளே உடம்பெல்லாம் கொப்புளம், காய்ச்சல். நீ சொல்லிவைத்த தொட்டில் இனி வேண்டாம்.

வேண்டுதலில் ஏதோ குறை, சாமி குத்தம் என்று அழுகிறாள். தண்ணீர்தான் காரணம் என்று நான் சொன்னால் கேட்பதில்லை. நீ வந்து சொல். நீ சொன்னால் நம்புவாள்.

உன் அக்கா வீட்டுக்காரன்