மகிஷா கண்ணைக் கசக்க வேண்டாம்

விழிஞ்ஞம், வியாழக்கிழமை

அன்புள்ள முத்துலட்சுமிக்கு உச்சிமாகாளி எழுதுவது. நான் சுகம். நீயும் மகிஷாவும் அம்மாவும் நல்லா இருக்கீங்களா? போனில் சொன்னால் அம்மா காதில் விழும். அதான் எழுதுறேன்.

போன வாரம் துறைமுகத்துல சாரத்தில ஏறும்போது ஒரு கம்பி எனக்கு ரெண்டாத் தெரிஞ்சுது. இல்லாத கம்பியில காலை வச்சுட்டேன். பெல்ட் போட்டிருந்ததால ஒண்ணும் ஆகலை. கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க. கருவிழி மெலிஞ்சு கூம்பு மாதிரி முன்னால தள்ளுதாம். இதுக்கு மேல போகாம நிறுத்த சிகிச்சை இருக்கு, பயப்படாதே.

"வீட்டில் ஆர்க்கெங்கிலும் உண்டோ?"ன்னு டாக்டரம்மா மலையாளத்தில கேட்டாங்க, வீட்டில வேற யாருக்காவது இருக்கான்னு. கண் மங்கி வேலையை விட்ட எங்க அண்ணனைச் சொன்னேன். நீ என் தாய்மாமன் மகள்னு சொன்னதும் எழுதுறதை நிறுத்திட்டாங்க. "குட்டிகள் உண்டோ?"ன்னாங்க, பிள்ளைங்க இருக்கான்னு. இது ரத்தத்தில வருமாம், சொந்தத்தில கட்டினா வாய்ப்பு கூடுமாம். எல்லாருக்கும் வரணும்னு இல்லை. ஆனா கண்ணைக் கசக்கக் கசக்க மோசமாகுமாம்.

நம்ம பொண்ணு மகிஷாவுக்கு இந்த வருஷமே ரெண்டு தடவை கண்ணாடி மாத்திட்டோம். செல்போனாலதான்னு அவளைத் திட்டினோம். கடிதம் கிடைச்ச மறுநாளே திருநெல்வேலிக்குக் கூட்டிட்டுப் போய், கருவிழியை ஸ்கேன் எடுக்கச் சொல்லு. அவகிட்ட காரணம் சொல்லாதே.

என் பழைய போர்வையை யார்கிட்டயாவது கொடுத்துவிடு. பதிலைப் பெரிய எழுத்தா எழுது.

அவ பள்ளிக்கூடத்துல பேசின வீடியோவை நாலு தடவை பார்த்தேன். நடுவுல ரெண்டு தடவை கண்ணைக் கசக்குறா. என்ன பேசினான்னு இன்னும் எனக்குத் தெரியாது.

வேலைக்குக் கூப்பிடுறாங்க. நிறுத்துறேன்.

உன்
உச்சிமாகாளி