கடற்கரை ஆராதனைக்கு ஒன்பது வோல்ட்

ஏப்ரல் 1, புதன்

காலையிலேயே புழுக்கம். ஒன்பதாம் வகுப்பு பிசிக்ஸ் தாள் பாதி திருத்தியாயிற்று. மீதி அப்படியே.

மாலை பாடகர் குழு பயிற்சி. ஈஸ்டர் அதிகாலை ஆராதனை வழக்கம்போல மாமல்லபுரம் பக்கம் கடற்கரையில். அங்கே கரண்ட் கிடையாது. கீபோர்டில் செல் போடும் இடமும் துருப்பிடித்துக் கிடக்கிறது. குழுத்தலைவர் ஜெயசீலன் அண்ணன் (இனி ஜெ., முழுப்பெயருக்கு மை வீண்) எல்லார் முன்னாலும்:

"இந்த வாட்டி நீங்க சும்மா பாடுங்க டீச்சர். போன்ல டிராக் கீது, ஸ்பீக்கர் கீது. கீபோர்டுலாம் இன்னாத்துக்கு?"

கல்யாணமாகி இந்தச் சபைக்கு வந்த நாளிலிருந்து நான்தான் வாசிக்கிறேன். ஈஸ்டருக்கே பதிவு செய்த டிராக் என்றால் அடுத்த ஞாயிறும் டிராக்தான். அப்புறம் கீபோர்டுக்குத் துணி போர்த்திவிட்டு, என்னைக் கடைசி வரிசையில் நிறுத்திவிடுவார்கள். சபை வேனின் பேட்டரியில் கீபோர்டை ஓட்டிக் காட்டுகிறேன் என்றேன். சிரித்தார். பற்றிக்கொண்டு வந்தது.

ஏப்ரல் 2, பெரிய வியாழன்

செங்கல்பட்டு போய் வந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. வாங்கியவை: வோல்டேஜைக் குறைக்கும் சின்ன போர்டு, பியூஸ், சிவப்பு ஒயர், கறுப்பு ஒயர், பேட்டரி கிளிப், கீபோர்டில் சொருகும் பின். கொத்தமல்லி மறந்துவிட்டது.

வேன் பேட்டரி பன்னிரண்டு வோல்ட். இன்ஜின் ஓடினால் இன்னும் கூடும். கீபோர்டுக்கு ஒன்பது போதும். போர்டில் இருக்கும் திருகை மெல்லத் திருப்பி, மீட்டரில் ஒன்பது வந்ததும் நகப்பூச்சு வைத்து அசையாமல் செய்தேன். இன்னொரு விஷயம். எங்கள் கீபோர்டுக்குப் பின்னின் நடுவில் மைனஸ், வெளியே பிளஸ். வீட்டில் கிடக்கும் மற்ற அடாப்டரெல்லாம் நேர் எதிர். கீபோர்டின் பின்பக்கம் படமே போட்டிருக்கிறது. யார் பார்க்கிறார்கள்.

எல்லாவற்றையும் பழைய டிபன் டப்பாவுக்குள் அடைத்தேன். எட்வின் எட்டிப் பார்த்தார். கட்டிய கணவர் கேட்ட ஒரே கேள்வி:

"சோறு கீதா, இல்ல இதுதானா?"

இதுதான் என்றேன்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

மூன்று மணி நேர ஆராதனை. சிலுவையின் ஏழு வார்த்தைகளில் முதலாவதே மன்னிப்பு. எனக்கு இரண்டாவதிலிருந்து ஆரம்பித்தால் தேவலை.

முடிந்ததும் வேன் பேட்டரியில் டப்பாவை மாட்டி வாசித்துக் காட்டினேன். சுத்தமாக வந்தது. போதகருக்குச் சந்தோஷம். "ஞாயித்துக்கிழமை நீங்களே வாசிங்க டீச்சர்." ஜெ. முகம் சுண்டிப்போனது. வீட்டு வயரிங் எடுத்துச் செய்கிறவர். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத்தினியூண்டு வேலைக்கு இம்மாம் பெரிய டப்பாவா? ரெண்டு ஒயரு. எப்டி மாத்திப் போட்டாலும் லைட்டு எரியும்."

"இது லைட்டு இல்லண்ணே. பிளஸ் மைனஸ் மாறக் கூடாது."

"எனக்கே பாடமா?"

ஆமாம், உமக்கேதான். வாய்வரை வந்தது. பெரிய வெள்ளி என்று விழுங்கினேன்.

ஏப்ரல் 4, சனி

தாள் முடிந்தது. தலைவலி. வெள்ளைப் புடவை இஸ்திரி. டப்பாவை வேனில் விட மனமில்லை, வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். ஜெ. போன் செய்தார்: "நா முன்னாடியே போய் எல்லாம் செட் பண்ணிர்றேன். நீங்க வந்து குந்துனா போதும்." குரலில் என்ன இனிப்பு. நம்பவில்லை. கொத்தமல்லி இன்றும் மறந்தது.

ஏப்ரல் 5, ஈஸ்டர்

எட்வின் வண்டியில் போனோம். டப்பா என் மடியில். நல்ல காற்று, புடவையெல்லாம் மணல். சபை மொத்தமும் எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது.

கீபோர்டு மேசைமேல். அதிலிருந்து வேன் பேட்டரிக்கு ஒரு ஒயர். நேராக. ஏதோ செட்டாப் பாக்ஸ் அடாப்டரின் ஒயரை வெட்டி மாட்டியிருக்கிறார் ஜெ.

"அண்ணே, போடாதீங்க!"

"டப்பா இல்லாமயே ஓடும், பாத்துகினே இருங்க" என்று சபையைப் பார்த்துச் சொல்லிவிட்டு சுவிட்சைப் போட்டார்.

சத்தமே வரவில்லை. அவ்வளவு காற்றிலும் கருகிய நாற்றம் வந்தது.

மனுஷன் கொஞ்சமும் அசரவில்லை. "டீச்சரோட ஐடியா ஒத்துக்கல போல. பரவால்ல, டிராக் கீது."

என் ஐடியா என் கையில் இருக்கிறது, இன்னும் மாட்டக்கூட இல்லை! சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. போதகர் பக்கத்தில் வந்து, "இன்னிக்குப் பண்டிகை, விட்ருங்க டீச்சர்" என்றார். எப்போதும் நான்தான் விட வேண்டும்.

டிராக் ஓடியது. எல்லாரும் பாடினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

வேண்டுமென்றா செய்தார்? இல்லை. டீச்சரைவிடத் தனக்குத் தெரியும் என்று காட்டப் போய்க் கருக்கினார். திட்டம் போட்டுச் செய்திருந்தால்கூடக் கொஞ்சம் மரியாதை வந்திருக்கும்.

கடைசியில் கைகுலுக்கி வாழ்த்தும் நேரம். ஒருவர் "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்றால் மற்றவர் "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்று பதில் சொல்ல வேண்டும். வரிசையில் ஜெ. என் முன்னால் வந்து நின்றார். சுற்றிலும் எல்லார் கண்ணும் எங்கள்மேல். சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்.

"கிறிஸ்து உயிர்த்தெழுந்தார் டீச்சர்."

டப்பாவைத் திறந்து அந்தக் கையில் வைத்தேன்.

"பேட்டரி பன்னண்டு. கீபோர்டு ஒம்போது. நடுவுல மைனஸ்."