நான் நர்ஸ் இல்லை, அம்மா

என் பொல்லாத அம்மாவுக்கு,

நீ கல்லறைத் தோட்டத்தில் நிம்மதியாகப் படுத்துவிட்டாய். இங்கே நான் கடியப்பட்டணத்துக்காரர்களுக்கு ரத்தக்கொதிப்பு பார்த்துக்கொண்டிருக்கிறேன். இது நியாயமா?

தோள்பட்டையில் தசை கிழிந்துவிட்டது, இந்த சீசன் முழுக்க ஓய்வெடு என்று குரோஷியாவில் என் கால்பந்து கிளப் டாக்டர் சொல்லி அனுப்பினார். வீட்டில் அப்பாவோடு இருந்துகொண்டு கையைச் சரிசெய்துவிட்டுத் திரும்பலாம் என்று வந்தேன். வந்த மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு செலின் மாமி ரத்தக்கொதிப்பு பார்க்கும் கருவியோடு வந்து, முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கையை நீட்டினாள். மாத்திரையைக் கூட்டணுமா குறைக்கணுமா என்று கேட்டாள். மாமி எதற்கு என்னிடம் கேட்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. அவள் போனதும் இன்னொருத்தி சர்க்கரைச் சீட்டோடு வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் ஒருத்தி.

உன் அடக்கத்துக்கு வந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஒரு பெரியவள் என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, எத்தனையோ பேருக்கு மருந்து கொடுக்கிற பிள்ளை, பெற்றவளுக்குக் கொடுக்க முடியாமல் போச்சே என்று அழுதாள். வேறு யாரோ என்று நினைத்து அழுகிறாள் என்று எண்ணிக்கொண்டேன்.

அப்பாவைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன். அவர் வலையைத் தைத்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார். "அவா பறஞ்சா. நான் தலையாட்டினேன். அவளுக்க கிட்ட வேற என்ன செய்ய முடியும்?"

அப்படித்தான் தெரிந்தது, இந்த ஊருக்கு நான் நர்ஸ் என்று. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் நர்சிங் சீட் கிடைத்ததாம், அதோடு பந்தை விட்டுவிட்டேனாம். கொல்கத்தாவில் நான் விடுதி மெத்தையில் மூட்டைப்பூச்சியோடு படுத்துக்கொண்டு முதல் கிளப்புக்கு ஆடிய வருடத்தில், நீ என்னைப் பயிற்சி நர்ஸ் ஆக்கியிருக்கிறாய். நேபாளத்தில் விரல் விறைத்துப் பந்தைப் பிடிக்க முடியாமல் அழுதேனே, அப்போது நான் மிஷன் ஆஸ்பத்திரியில். மாலத்தீவில் சின்ன மைதானத்தில் ஆடியபோது பிரசவ வார்டு. உஸ்பெகிஸ்தானில் பனி பெய்யப் பெய்ய கோல் கம்பத்துக்கு நடுவே நின்றபோது எனக்குப் பதவி உயர்வு. குரோஷியா போனதும் ஆபரேஷன் தியேட்டர். இதென்ன வருடத்துக்கு ஒரு நாடு என்று யாரோ கேட்டதற்கு, நல்ல நர்ஸ் என்றால் எல்லா நாட்டுக்காரனும் கூப்பிடுவான் என்றாயாம். அம்மா, ஒப்பந்தம் முடிந்து, அடுத்த கிளப் கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாமல் நான் பெட்டியோடு நின்ற நாட்களுக்கு நீ வைத்த பெயரா அது?

வெள்ளை உடுப்பில் ஒரு போட்டோ அனுப்பு என்று உயிரை வாங்கினாயே. ஆசையாகக் கேட்கிறாள் என்று, பயிற்சிக்குப் போடும் வெள்ளை ஜாக்கெட்டில் எடுத்து அனுப்பினேன். அதைக் கிளப் சின்னம் தெரியாமல் வெட்டி எல்லாருக்கும் காட்டியிருக்கிறாய். வீடியோ காலில் ஜெர்சியோடு வராதே, முகத்தை மட்டும் காட்டு என்றதும் இதற்குத்தான். பெண்கள் ஆட்டம் எந்த டிவியிலும் வராதது உனக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று!

அதுவும் எந்த ஊரில்? உலகக் கோப்பை வந்தால் அர்ஜென்டினாவுக்கு ஒரு தெரு, பிரேசிலுக்கு ஒரு தெரு என்று கொடி கட்டி, கட்டுமரத்துக்குக்கூட ஜெர்சி நிறம் அடிக்கிற ஊரில். இந்த ஊரிலிருந்து ஐந்து நாட்டில் பந்தாடியவள் ஒருத்திதான். அவளை நீ ஊசி போட வைத்துவிட்டாய்.

இதையெல்லாம் சிரித்துக் கடந்திருப்பேன். சேவியர் மாமாவின் கால் விஷயம் மட்டும் நடக்காமல் இருந்திருந்தால்.

செலின் மாமியின் வீட்டுக்காரர் அவர். வலையிலிருந்து மீனைப் பிரிக்கும்போது கெளுத்தி முள் பாதத்தில் ஏறிவிட்டது. நேராக நம் வீட்டுக்கு அழைத்து வந்தாள். அவருக்குச் சர்க்கரை வேறு. காலைக் கழுவித் துணி சுற்றிவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொன்னேன். எனக்கு இதெல்லாம் தெரியாது, நான் நர்ஸ் இல்லை என்றும் சொன்னேன். மாமி சிரித்தாள். உன் அம்மா உன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள், நீ அடக்கமான பிள்ளை, லீவில் வந்த இடத்தில் வேலை பார்க்கச் சங்கடப்படுகிறாய் என்றாள். பெரிய ஆபரேஷன் எல்லாம் பார்க்கிறவளுக்கு இந்த முள் எம்மாத்திரம் என்று வீட்டிலிருந்த பழைய மாத்திரை ஒன்றைக் கொடுத்து அவரைப் படுக்க வைத்துவிட்டாள்.

மறுநாள் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தபோது கால் முழங்கால்வரை வீங்கி, தோல் பளபளவென்று இருந்தது. காய்ச்சலில் அவருக்குப் பல் கிட்டிப்போயிருந்தது. அப்போதும் மாமி என்னிடம் ஊசி போடச் சொன்னாள்.

"மாமி, எனக்கு ஊசி போடத் தெரியாது. நான் பந்து பிடிக்கிறவ. கோலி. எங்கம்ம உங்ககிட்ட பொய் பறஞ்சிருக்கா."

மாமி என்னையே பார்த்தாள். நான் ஆட்டோவுக்கு ஓடினேன். தக்கலை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் மாமா முனகினார். இன்னும் தாமதித்திருந்தால் பாதத்தையே எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். மாமாவை உள்ளே கொண்டுபோன பிறகுதான் மாமி வாயைத் திறந்தாள்.

"அப்போ லூர்தம்மா எனக்க கிட்டயும் பொய்தான் பறஞ்சாளா?"

உன் பெயரைச் சொல்லித்தான் கேட்டாள், அம்மா. கடற்கரையில் மீன் ஏலம் எடுப்பதிலிருந்து கோவில் திருப்பலிவரை நீங்கள் இருவரும் ஒன்றாகத்தானே போவீர்கள்? உன் சினேகிதி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, புருஷனுக்காக அழுகிறாளா, உனக்காக அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு உன்மேல் எனக்கு வந்த கோபத்தில் நீ உயிரோடு இருந்திருந்தால் உன்னோடு பேசியே இருக்கமாட்டேன். நான் உனக்கு அவ்வளவு வெட்கக்கேடா? அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் தோளுக்குப் பிசியோதெரபி செய்ய மார்த்தாண்டம் போயிருந்தேன். முடிந்ததும் அப்பாவுக்கு மரச்சீனிக் கிழங்கு வாங்கலாம் என்று சந்தைக்குள் நுழைந்தேன். நீ மீன் விற்கச் சருவப் பாத்திரத்தை இறக்கி வைத்த இடத்தில் இப்போது வேறு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். அதற்குப் பக்கத்தில் மரச்சீனி விற்கிற தங்கம் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அதுவரை அவளை எனக்குத் தெரியாது.

"ஏட்டி, நீ லூர்தம்மாவுக்க கோலி இல்லியா?"

நான் தலையாட்டினேன். அவள் எதிர்வரிசைக்குக் குரல் கொடுத்து, லூர்தம்மாவின் மகள் வந்திருக்கிறாள் என்றாள். வாழைக்குலை விற்கிறவரும் சுமை தூக்குகிறவர்களும் வந்துவிட்டார்கள். உஸ்பெகிஸ்தானில் நான் தடுத்து, போனில் உன்னிடம் சொன்ன பெனால்டியை அவர்கள் எனக்கே சொன்னார்கள். இடதுபக்கம் பாயப்போவதுபோல் காட்டி வலதுபக்கம் பாய்ந்தேனாம். சரிதான், அப்படித்தான் செய்தேன். ஆனால் பந்து கையில் பட்டுக் கம்பத்தில் இடித்து வெளியே போயிற்று. நீ அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்ததாகச் சொல்லி வைத்திருக்கிறாய். உண்மை சொல்லும் இடத்திலும் கொஞ்சம் சேர்க்காமல் உன்னால் முடியாதா? ஆஃப்சைடு என்றால் என்ன என்று சுமைக்காரர்களிடம் கேட்டுக் கேட்டுப் படித்தாயாம். அப்புறம் ஏன் போனில், இன்னும் அந்தக் கம்புகளுக்கு நடுவில்தான் நிற்கிறாயா என்று ஒவ்வொரு தடவையும் அறியாதவள்போல் என்னைக் கேட்டாய்?

ஊரில் வேறு மாதிரி சொல்லியிருக்கிறாளே என்று தங்கம் அக்காவிடம் கேட்டேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"நானும் கேட்டேன் மக்கா. அதுக்கு அவா பறஞ்சா, ஊருல சொன்னா எனக்க பிள்ளைக்க காலைப் பாப்பானுவ, இங்க சொன்னா நீங்க அவளுக்க கையைப் பாப்பிய, கேட்டியா, அப்படின்னு."

சந்தை நடுவில் வைத்து என்னை அழவிட்டாய். அதற்கும் சேர்த்துத்தான் கோபம்.

எனக்குத் தெரியும், அம்மா. பள்ளிக்கூட நாளில் மாநில அணியில் சேர்ந்தபோது பேப்பரில் அரைக்கால் சட்டையோடு என் படம் வந்தது. கோவில் மதிலில் உட்கார்ந்திருந்த ஆண்கள் அதைப் பார்த்து என்னவோ சொன்னார்கள். நீ திரும்பிப் போய்ச் சண்டை போட்டாய். என்ன சொன்னார்கள் என்று கடைசிவரை என்னிடம் சொல்லவில்லை. அன்றைக்கு முடிவெடுத்தாயா? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. எதிரணி ரசிகர்கள் கோலுக்குப் பின்னால் நின்று எனக்குத் தெரியாத மொழிகளில் எத்தனையோ கத்தியிருக்கிறார்கள். அதையெல்லாம் முதுகில் வாங்கிக்கொண்டு பந்தைப் பார்த்து நின்றவள் நான். கடியப்பட்டணத்துக் கண்களைத் தாங்கியிருக்கமாட்டேனா? என்னால் தாங்க முடியாதது ஒன்றுதான். எல்லாம் தெரிந்திருந்தும் ஒரே ஒரு தடவை, நல்லா பிடிச்சே மக்கா என்று என்னிடம் சொல்லாமல் போய்விட்டாயே.

சரி, ஊர்ச் சேதி கேள். சேவியர் மாமாவுக்குக் கால் தப்பியது. பார்க்கப் போய், தங்கம் அக்கா சொன்னதையும் அவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கட்டுப் போட்ட காலைத் தூக்கித் தலையணைமேல் வைத்துக்கொண்டு வேறு ஒரு கணக்குக்காக என்னிடம் கோபித்துக்கொண்டார். "வீட்டுக்கு அடுத்த வீட்டுல கோலிய வச்சுக்கிட்டு, போன திருநாள் பந்தாட்டத்துல பக்கத்து ஊர்க்காரன்கிட்ட ஏழு கோல் வாங்குனோம் பாரு."

செலின் மாமிதான் இறங்கி வரவில்லை. மாமா வீட்டுக்கு வந்த பிறகும் மதிலுக்கு அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் உன் பொய்யை ஊரெல்லாம் உடைத்ததும் அவள்தான். ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறாள். சிலர் சிரித்தார்கள். ஒரு கல்யாணத் தரகர் அப்பாவிடம் வந்து கோபப்பட்டார். மதிலில் உட்காருகிறவர்கள் இப்போதும் உட்காருகிறார்கள், இப்போதும் என்னவோ சொல்கிறார்கள். நான் அந்த வழியாகத்தான் நடக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மாமி திடீரென்று வாசலில் வந்து நின்றாள். கல்லறைக்குப் போறேன், வாறியா என்று கேட்டாள். கூடவே நடந்தேன். உன் கல்லறைமேல் பூவைப் போட்டாள், மெழுகுதிரி ஏற்றினாள், சிலுவை அடையாளம் போட்டாள். அப்புறம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு திட்ட ஆரம்பித்தாள். தங்கத்திடம் சொன்னதை என்னிடம் சொன்னால் என்ன, நான் உன் பிள்ளையின் காலையா பார்க்கப்போகிறேன் என்று கேட்டாள். அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது நான் தொடர்ந்தேன். நான் நிறுத்தியபோது அவள் தொடர்ந்தாள். பக்கத்துக் கல்லறைக்கு வந்திருந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். உனக்குக் கேட்டதா?

திரும்பி வரும்போது மாமி என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். முறிந்து கோணலாகச் சேர்ந்த சுண்டுவிரலைத் தடவினாள். இது எந்த நாட்டில் என்று கேட்டாள். நேபாளம் என்றேன்.  வீடு வரும்வரை அவள் என் கையை விடவில்லை.

தோள் தேறிவிட்டது, அம்மா. கிளப்பிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. புறப்படுவதற்கு முன் திருநாள் வருகிறது. கடற்கரை மைதானத்தில், நம் ஊர் அணிக்கு, ஆண்களோடு, நான்தான் கோல் காக்கப்போகிறேன். முழு ஊரும் வரும். நல்லதும் சொல்வார்கள், கெட்டதும் சொல்வார்கள். உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். கோல் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் நடந்ததை நடந்தபடியே எல்லாரிடமும் சொல்வேன். உன்னைப்போல் ஒரு பந்தைக்கூடச் சேர்த்துச் சொல்லமாட்டேன்.

நீயும் எனக்கொரு வாக்குக் கொடு. அங்கே உன் பக்கத்தில் யாராவது வந்து உட்கார்ந்து, உனக்க மகளுக்கு என்ன ஜோலி என்று கேட்டால், இந்தத் தடவையாவது உண்மையைச் சொல்.

உனக்க மவ,
கோலி ஜெனிஷா