பொன்வண்டுப் பருவத்துக்குத் தாய்மாமனை அழைத்த ஓலை

எட்டுத் திசைக் காவலரும் தத்தம் யானைகளை ஓரமாய் நிறுத்திவிட்டுச் செவி சாய்ப்பாராக. கடல் சற்றே இரைச்சலைக் குறைப்பதாக. எந்த அரசவையும் இதுகாறும் எழுதியிராத பெருஞ்செய்தி ஒன்று இவ்வோலையில் ஏறுகிறது. பகைவர் முதுகை மட்டுமே கண்டவரும், நடந்தால் நிலம் அதிரும் என்று புலவர்களால் சொல்லப்படுபவருமாகிய வெண்கோட்டு வேந்தர் வயமான் பெருந்தகையார், பொன்வண்டுப் பருவம் தொடங்கிவிட்டமையால், தம் மகளார் பொற்றொடியோடு வேலங்காட்டில் வண்டு பிடிக்க, தாய்மாமனாராகிய தங்களை உடனே புறப்பட்டு வருமாறு அழைக்கிறார்.

காரிமலைக் கோமான் எயினங்கோ அவர்களுக்கு நலம் பெருகுக. தங்கள் மலைச்சுனைகள் வற்றாதிருக்க. தங்கள் குடிகளின் கன்றுகள் புலிக்குத் தப்பியிருக்க. தங்கள் அவைப்புலவர்கள் சுருக்கமாகப் பாடப் பழகியிருக்க.

இவ்வளவும் மன்னர் சொல்ல எழுதியது. இனி வருவது, அவர் முத்திரையிட்டுத் தந்தபின், அவர் அறியாமல், ஓலை எழுதும் அமைச்சனாகிய கூத்தன் இளநாகன் என் பொறுப்பில் எழுதுவது.

சென்ற அறுவடை விழாவில் தங்கள் வெண்குடை எம் மன்னர் குடையினும் ஒரு சாண் உயர்ந்து நின்றதைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தாழ்த்துக என்று எம்மவரும், இயலாது என்று தங்களவரும், சோறு தண்ணீரை மறந்து மூங்கிற்கழியால் அளந்து அளந்து வாதாடினார்கள். முடிவில், குடைக்கு இடமில்லாத ஊரில் தமக்கும் இடமில்லை என்று தாங்கள் சினந்து சென்றீர்கள். இரு நாட்டுப் பெருமையும் சேதமின்றிக் காக்கப்பட்டது. அந்தப் பெருமையை எங்கே வைப்பது என்றுதான் இன்றுவரை தெரியவில்லை.

ஆண்டுதோறும் கோடைமழையின் முதல் தூறல் விழுந்ததும், தங்கள் கையாலேயே முடைந்த ஓலைப்பெட்டியோடு தாங்கள் வருவீர்கள். முடியைக் கழற்றி வேலமரக் கிளையில் மாட்டிவிட்டு, தாயில்லா மருமகளோடு முட்டிபோட்டு முள்ளுக்குள் நுழைவீர்கள். இவ்வாண்டு தூறல் விழுந்தது. இளவரசியார் கோட்டைவாயிலில் போய் நின்றார். பொழுது சாயும்வரை நின்றுவிட்டு என்னிடம் வந்தார்.

"ஓலைத் தாத்தா, மாமா ஏன் வரல?" என்று வினவியருளினார். நரை இன்னும் காதோரத்தைத் தாண்டாத என்னை அவர் அப்படித்தான் அழைப்பது. குடையின் வரலாற்றையும், கொடிவழி உரிமையையும், ஒரு சாணின் அரசியல் உட்பொருளையும் அவருக்கு விளங்குமாறு எடுத்துரைத்தேன். முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கொட பெருசா இருந்தா நல்லதுதானே? அப்பா, மாமா, நானு, மூணு பேரும் உள்ள நிக்கலாம்ல."

நான் மூன்று சாத்திரங்களில் வல்லவன் என்று என் பட்டயம் கூறுகிறது. மூன்றையும் அன்றிரவே மீண்டும் புரட்டிப் பார்த்தேன்.

மகளின் முகவாட்டம் கண்டு மன்னர் பொறுக்கவில்லை. தங்களுக்கு ஆள் அனுப்பினால் முடிந்திருக்கும். ஆனால் அது எளிதாயிற்றே. எனவே அவர் 'பொன்வண்டு நாயகம்' என்றொரு புதிய பதவியை உண்டாக்கி, அதற்குப் பல்லக்கும் முரசும் அளித்தார். முரசறைந்துகொண்டு காட்டுக்குள் சென்ற நாயகத்தார், வண்டுகள் எல்லாம் ஓடிவிட்டமை கண்டு வியந்தார். பிறகு ஒருவாறு பிடித்தவற்றை, அரசவைக்கு ஏற்ற பொலிவு போதாது என்று நெய் தடவித் துடைத்து, வெள்ளித் தட்டில் அடுக்கிக் கொணர்ந்தார்.

இளவரசியார் குனிந்து பார்த்து, "எல்லாம் செத்துப் போச்சு" என்றார்.

நாயகத்தார் வணங்கி, பொன்வண்டு தொட்டால் செத்ததுபோல் நடிக்கும் இயல்பினது என்றும், இவை அவ்வாறே நடிக்கின்றன என்றும் விண்ணப்பம் செய்தார்.

"எனக்கே சொல்லித் தரீரா? நடிச்சா மீச லேசா ஆடும். மாமா காட்டியிருக்காரு. இதுக்கு ஆடல."

அப்போது மன்னர், நடிக்கும் வண்டை எழுப்புவது எவ்வாறு என்று மகளிடம் கேட்டார். அவர் வண்டைப் பற்றிக் கேட்டது அதுவே முதன்முறை. குழந்தைக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அரியணைப் படியில் ஏறி, தந்தையின் காதருகில், யாருக்கும் கேட்கக் கூடாத இரகசியம்போல, அவை முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார்: "ஒண்ணும் பண்ணக் கூடாதுப்பா. அசையாம, பேசாம உக்காந்திருக்கணும். நாம இல்லன்னு நெனச்சு அதுவா எந்திரிச்சு நடக்கும்."

அதன்பின் குழந்தைக்குச் சுரம் கண்டது. மருத்துவர்கள் வந்தார்கள், எவர் முதலில் நாடி பிடிப்பது என்று முறைமை பேசிக்கொண்டார்கள். குழந்தை கேட்டது ஒன்றே: தங்கள் பெட்டியும், அதில் ஒரு வண்டும். நான் தங்களுக்கு ஓலை எழுதி மன்னரிடம் நீட்டினேன். "முதலில் அவர் மன்னிப்புக் கேட்கட்டும்" என்றார். மறுநாளும் நீட்டினேன். அவர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். முத்திரை இடவில்லை, திருப்பித் தரவுமில்லை.

இன்று விடியலில் குழந்தையின் மூச்சு நின்றது.

கோமானே, இங்கே தாங்கள் ஒரு கணம் ஓலையைத் தாழ்த்தினாலும், மீண்டும் எடுத்துப் படிக்க வேண்டுகிறேன். சொல்ல வேண்டியது இன்னும் இருக்கிறது.

செவிலி அலறத் தொடங்கினாள். மன்னர் கையுயர்த்தி அவளை அடக்கினார். பிறகு, அரசவைச் சொல்லெல்லாம் உதிர்ந்துபோன குரலில், தெருவில் எவரும் பேசுவதுபோல், "யாரும் அசையாதீங்க. சத்தம் போடாதீங்க. அசையாம இருந்தா எந்திரிச்சிடுவா" என்றார்.

நாங்கள் அசையவில்லை. அமைச்சர், படைத்தலைவர், நெய் தடவிய நாயகம், எல்லோரும் நின்றது நின்றபடியே நின்றோம். முரசு கிடந்தது, மணி ஒலிக்கவில்லை, அடுப்பிலும் தீ மூட்டவில்லை. நிலம் அதிர நடப்பவர் என்று பாடப்பட்டவர், காலை மடக்கித் தரையில் உட்கார்ந்து மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நானும் உற்று நோக்கினேன். இமையை, உதட்டை, நெற்றியில் ஒட்டிய மயிரிழையை. ஒன்றும் ஆடவில்லை. அந்த மயிரிழை மட்டும் சாளரக் காற்றில் ஒருமுறை ஆடியது. அப்போது மன்னர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தமிழ் தெரியாது.

நண்பகலில் அவர் என்னை அருகழைத்து, மேலே கண்ட அழைப்பை எழுதச் சொன்னார். மாமன் குரல் கேட்டால் மகள் எழுவாள் என்பது அவர் எண்ணம். அதை மறுத்துரைக்க இந்நாட்டில் ஆளில்லை. ஏனெனில், அரசிளங்குழந்தை இறந்தால், தாய்மாமன் கோடித்துணி போர்த்தி, தன் வாயால் 'போய்விட்டாள்' என்று சொல்லும்வரை, அது இறப்பாகாது என்பது எங்கள் மரபு. மரபுகள் பலவற்றை நான் எள்ளியிருக்கிறேன். இதை எள்ளவும் வழியில்லாமல் அதன் பிடியில் நிற்கிறேன். எவரும் குழந்தையைத் தொட முடியாது. கோடைவெயிலோ எந்த மரபையும் கேட்பதில்லை. சாளரத்துக்கு ஈரத்துணி கட்டியிருக்கிறோம். அதுவும் காய்ந்துகொண்டே இருக்கிறது.

ஆகவே, இவ்வோலை கண்ட கணமே தாங்கள் புறப்பட வேண்டும். குடை எத்தனை முழமாயினும் பிடித்து வருக. எம் கோட்டைவாயில் இடித்தால் வாயிலை இடித்துவிடுகிறோம். வழிக்காவலர் எவரும் தங்களை நிறுத்தக் கூடாதென ஆணை பிறந்துவிட்டது. கோடித்துணி தங்கள் கையால் வர வேண்டும். மன்னரிடம் சொல்ல வேண்டியதைத் தாங்களே சொல்ல வேண்டும், மெல்லச் சொல்லுங்கள். சினம் எஞ்சியிருந்தால் பிறகு தீர்த்துக்கொள்ளலாம், அவர் எங்கும் போய்விட மாட்டார்.

இவ்வோலைக்கு, மன்னர் உறக்கமின்றிச் சிவந்த கண்ணோடு தம் கையாலேயே இட்ட இரட்டைக்கோட்டு முத்திரை சான்று. அதை இடுகையில், குழந்தைக்குச் சத்தம் கேட்டுவிடும் என்று, அரக்கை ஊதி ஊதி மெல்ல அழுத்தினார். மண்ணும் விண்ணும் உள்ளளவும் இவ்வாணை நிற்பதாக. காரிமலையும் வெண்கோடும் வாழ்வதாக.

வரும்போது பெட்டி கொண்டுவர வேண்டாம்.